அட்லாண்டிக் அடிமை வணிகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் வணிகவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கடல் காப்பீடு, மாற்றுச்சீட்டு, கமிஷன் ஏஜென்ட் என்று பாடம் போகும்போது, இதெல்லாம் எங்கே எப்படிப் பெருகியது என்று யாராவது கேட்பார்கள். பேச்சு எப்படியும் அடிமைக் கப்பலில் வந்து நிற்கும். இப்போது நூலக வாசகர் கூட்டத்திலும் அதே கதை. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன். பதில்களில் கணக்குப் பேரேட்டின் வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக் அடிமை வணிகம் என்றால், அமெரிக்காவில் பருத்தி பறித்தார்களே, அதுதானே?

அது இந்தக் கதையின் ஒரு முனை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860கள் வரை, ஏறக்குறைய 350 வருஷம், ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை விலைக்கு வாங்கி, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய், தென் அமெரிக்காவிலும் வட அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் விற்றார்கள். அந்தத் தொழில் முழுவதற்கும்தான் இந்தப் பெயர்.

சினிமா பார்த்துப் பழகியதால் நமக்கு அடிமை என்றாலே அமெரிக்க ஐக்கிய நாடு நினைவுக்கு வருகிறது. கரையேறியவர்களில் அங்கே போனவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சுமார் 3 லட்சத்து 88 ஆயிரம் பேர்தான். பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சம் பேர். மீதியில் பெரும்பகுதி ஜமைக்கா, பார்படாஸ், செயின்ட் டொமிங்கு (இன்றைய ஹைட்டி), கியூபா போன்ற தீவுகளுக்கு. பருத்தி கடைசியில் வந்து சேர்ந்தது. இந்த வண்டியை அதிக காலம் இழுத்தது கரும்பு.

மொத்தம் எத்தனை பேர்? ஒருவர் பத்து கோடி என்கிறார், ஒருவர் ஒரு கோடி என்கிறார்.

ஒரு கோடி என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 36,000 பயணங்களுக்கு மேல் பதிவுகளைத் திரட்டி ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். நடுவில் காணாமல் போன அந்த 18 லட்சம் பேர் கடலில் போனவர்கள். உள்நாட்டில் பிடிபட்டுக் கரைவரை நடக்கும்போதே செத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஐரோப்பிய வியாபாரி அவர்களுக்கு இன்னும் காசு கொடுத்திருக்கவில்லை, அதனால் அவன் ஏட்டில் அவர்கள் ஏறவில்லை.

கொண்டுபோனவர்களில் போர்ச்சுகலும் பிரேசிலும் சேர்ந்து முதலிடம், சுமார் 58 லட்சம். அடுத்தது பிரிட்டன், 32 லட்சத்துக்கு மேல். பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து அதற்குப் பின்னால். சுங்கவரி ரசீது, காப்பீட்டுப் பத்திரம், கப்பல் முதலாளியின் கடிதம் என்று எல்லாவற்றையும் அவர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் இன்று இவ்வளவு சொல்ல முடிகிறது.

ஏன் ஆப்பிரிக்காவிலிருந்து போய்ப் பிடிக்க வேண்டும்? அமெரிக்காவிலேயே ஆட்கள் இருந்தார்களே?

இருந்தார்கள். கொலம்பஸுக்குப் பின்னால் வந்த அம்மை, தட்டம்மை போன்ற நோய்களும், போரும், சுரங்க வேலையும் சேர்ந்து தீவுகளில் இருந்தவர்களைச் சில பத்தாண்டுகளில் ஏறத்தாழத் துடைத்துவிட்டன. ஐரோப்பாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஏழை வெள்ளையர்களையும் பார்படாஸில் வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள், கூலியும் நிலமும் கேட்பார்கள்.

போர்ச்சுகீசியருக்கு அதற்கு முன்பே ஒரு செய்முறை கையில் இருந்தது. மதீரா, சாவோ தோமே தீவுகளில் ஆப்பிரிக்கர்களை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திப் பார்த்திருந்தார்கள். அதையே கடல் தாண்டி பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். 1640களில் பார்படாஸ் கரும்புக்கு மாறியது. அப்புறம் ஒவ்வொரு தீவாக.

வெள்ளைக்காரன் காட்டுக்குள் புகுந்து வலை வீசிப் பிடித்தானாமே?

ஆரம்பத்தில் அப்படியும் நடந்தது. 1444-இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் 235 பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கரையோரக் கிராமங்களில் திடீரென்று பாய்ந்து பிடித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த முறை ஓடவில்லை. கரையில் இருந்த அரசுகளுக்குப் படை இருந்தது; உள்ளே போன ஐரோப்பியனை மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சும்மா விடவில்லை.

ஆகவே கரையில் உட்கார்ந்து வாங்கினார்கள். இன்றைய கானாவில் இருக்கும் எல்மினா கோட்டையைப் போர்ச்சுகீசியர் 1482-இல் கட்டியது முதலில் தங்க வியாபாரத்துக்குத்தான். பிறகு அது அடிமைக் கிடங்கானது. 1637-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. இப்படிப்பட்ட கோட்டைகளில் பலவற்றுக்கு ஐரோப்பியர் உள்ளூர் ஆட்சியாளருக்கு வாடகை கட்டினார்கள் என்பதை மறக்கக்கூடாது.

அப்படியானால் ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்கள். பிறகு வெள்ளைக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி தப்பாது. விற்றார்கள், உண்மைதான். தஹோமி அரசு (இன்றைய பெனின் நாட்டுப் பகுதி) 1727-இல் ஊய்தா துறைமுகத்தைப் பிடித்து அந்த வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பழைய கலபார் துறைமுகத்தின் எஃபிக் இன வியாபாரிகள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கடனுக்குச் சரக்கு வாங்கி, ஈடாகத் தங்கள் சொந்தக்காரர்களையே கப்பலில் பிணையாக நிறுத்தினார்கள். தவணைக்குள் ஆள் வந்து சேராவிட்டால் பிணையாக நின்றவனே விலைபோவான்.

ஆனால் ‘ஆப்பிரிக்கன்’ என்ற அடையாளம் அப்போது விற்றவனுக்கும் இல்லை, விற்கப்பட்டவனுக்கும் இல்லை. அவர்கள் ஒரு ராஜ்யத்துக்காரர், ஒரு மொழிக்காரர். பக்கத்து ராஜ்யத்துப் போர்க்கைதி அவர்களுக்கு அந்நியன். பாண்டியன் சோழநாட்டைக் கொளுத்தினான் என்று படிக்கும்போது ‘தமிழன் தமிழனையே’ என்று நாம் அங்கலாய்ப்பது போலத்தான் இதுவும், பின்னால் வந்தவர்களின் கண்ணோட்டம்.

எதிர்த்தவர்களும் உண்டு. காங்கோவின் அரசர் முதலாம் அஃபோன்சோ 1526-இல் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதங்களில், வியாபாரிகள் தன் குடிமக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் தன் உறவினரையும்கூடப் பிடித்துப் போகிறார்கள், நாடு ஆளில்லாமல் போகிறது என்று முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வாங்க ஆள் வந்து, துப்பாக்கியும் வெடிமருந்தும் விலையாகத் தரும்போது, பக்கத்து நாட்டானிடம் துப்பாக்கி இருந்து உன்னிடம் இல்லாவிட்டால் அடுத்து நீ சரக்கு. அந்தச் சுழலில் விற்றவனுக்கும் பொறுப்பு உண்டு. வாங்கியவனின் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது.

விலையாக என்ன கொடுத்தார்கள்? பாசிமணியைக் காட்டி ஏமாற்றினார்கள் என்று படித்தேன்.

ஏமாறுகிறவன் முந்நூறு வருஷம் கடை நடத்த மாட்டான். கரையில் இருந்த வியாபாரிகள் கறாரானவர்கள். எந்தத் துறையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் சரக்கேற்றிப் போன கப்பல், விற்க முடியாமல் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்கும். இரும்புப் பாளம், பித்தளை வளையம், துப்பாக்கி, வெடிமருந்து, ரம், பிராந்தி, மணி எல்லாம் போயின. எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக்குப் போனது துணி.

இங்கேதான் நம் கரை வருகிறது. அந்தத் துணியில் கணிசமான பங்கு இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்டதும் அதில் சேர்த்தி. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஏற்றிய அவுரி தோய்த்த நீலத் துணிக்கு ‘கினி’ என்றே பெயர், அது போய்ச் சேரும் கரையின் பெயர். செனகலில் அது பணம் போலவே புழங்கியது. பிரான்ஸின் ரூவானிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் அதைப் பார்த்து நகல் செய்தார்கள். வாங்குகிறவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். இன்னொரு வேடிக்கை. இந்தியப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தக்கூடாது என்று 1700-லும் 1721-லும் சட்டம் போட்டார்கள், உள்ளூர் நெசவாளரைக் காப்பாற்ற. மறு ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. லண்டன் கிடங்கில் குவிந்த துணி ஆப்பிரிக்காவுக்குப் போக அதுவும் ஒரு காரணம். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளிக்கோ கடலூர்ச் சாயக்காரருக்கோ தன் துணி எதற்கு ஈடாகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

அப்புறம் சோழி. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் நாம் உருட்டுகிற அதே சோழிதான். மாலத்தீவில் பொறுக்கி, இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வந்து, கப்பல் ஆடாமலிருக்க அடிப்பாரமாக ஐரோப்பா போய், ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போய், அங்கிருந்து ஊய்தாவுக்கு வந்து இறங்கும். அங்கே அது காசு. நாற்பது சோழி கோத்தால் ஒரு சரம். ஓர் ஆளின் விலை பல்லாயிரம் சோழி. பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் டச்சு, ஆங்கில வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொட்டிய சோழி ஆயிரம் கோடிக்கு மேல். இதைப் படித்த அன்று வீட்டில் ஒரு சோழியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தில் முக்கோண வணிகம் என்று படம் போட்டிருக்கிறது. ஒரே கப்பல்தான் மூன்று பக்கமும் சுற்றியதா?

படம் பாதி சரி. ஐரோப்பாவிலிருந்து சரக்கு ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து ஆட்கள் கரீபியனுக்கு, அங்கிருந்து சர்க்கரை ஐரோப்பாவுக்கு என்பது மொத்த ஓட்டம். ஆனால் ஒரே கப்பலின் வயிற்றில் இது முழுவதும் நடந்தது என்று நினைக்காதீர்கள். அடிமைக் கப்பல் சின்னது. அது திரும்பும்போது பெரும்பாலும் கொஞ்சம் சர்க்கரையும் நிறைய காகிதமும்தான் இருக்கும். சர்க்கரையின் பெரும்பகுதி வேறு கப்பல்களில் போனது.

அந்தக் காகிதம்தான் மாற்றுச்சீட்டு. நம் செட்டியார்கள் உண்டியல் என்று சொன்ன அதே சரக்கு. தோட்டக்காரர் கையில் ரொக்கம் கிடையாது. ஓர் ஆளை வாங்கும்போது, ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து லண்டனில் இன்ன கமிஷன் வியாபாரியிடம் பணம் பெற்றுக்கொள் என்று சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டை லிவர்பூலில் கழிவுக்குக் கொடுத்து உடனே பணமாக்கி, அடுத்த பயணத்துக்குச் சரக்கு வாங்கலாம். துணி வியாபாரியும் கப்பல்காரருக்குக் கடனாகத்தான் கொடுத்திருப்பார். இன்னும் நடப்படாத கரும்பை நம்பி இத்தனை பேரும் கடனில் நின்றார்கள்.

பிரேசிலுக்கு முக்கோணமே இல்லை. பஹியாவிலிருந்து மட்ட ரகப் புகையிலையை வெல்லப்பாகில் தோய்த்துச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து, நேராக ஆட்களோடு திரும்புவார்கள். வட அமெரிக்காவின் ரோட் ஐலண்டுக்காரர்கள் ரம் கொண்டுபோனார்கள்.

கப்பலில் என்ன நடந்தது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

‘புரூக்ஸ்’ என்ற லிவர்பூல் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1788-இல் ஒழிப்பு இயக்கத்தார் அதன் தளப்படத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். அந்த வருஷம் வந்த சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். படத்தில் ஒவ்வொருவரையும் கோடு கோடாக வரைந்து அடுக்கினால் இடம் சரியாகப் போய்விட்டது. கால் வைக்க வழியில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் இதே கப்பல் ஒரு பயணத்தில் 609 பேரைக் கொண்டுபோயிருக்கிறது. ஆண்களை இரண்டிரண்டு பேராகக் காலில் விலங்கிட்டுப் படுக்க வைப்பார்கள். பயணம் ஒன்றிலிருந்து மூன்று மாதம். கொன்றதில் முதலிடம் ரத்தபேதிக்கு.

சாப்பிட மறுத்தவர்களின் வாயைத் திருகாணி வைத்த இரும்புக் கருவியால் பிளந்து ஊட்டினார்கள். குதித்துவிடாமல் பக்கவாட்டில் வலை கட்டினார்கள். அப்படியும் பத்துப் பயணத்துக்கு ஒன்றில் கலகம் நடந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். காவலுக்குக் கூடுதல் மாலுமி, கூடுதல் துப்பாக்கி வேண்டியிருந்ததால் ஒவ்வொரு பயணத்தின் செலவும் ஏறியது. தோற்றுப்போன கலகங்களும் அந்த வகையில், ஏற்றிப்போகும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தன.

சோங் கப்பல் வழக்கு என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது கொலை வழக்கா?

அதுதான் இல்லை. இன்சூரன்ஸ் வழக்கு. 1781-இல் சோங் என்ற கப்பல் 442 பேரோடு ஜமைக்கா நோக்கிப் புறப்பட்டது. அதன் அளவுக்கு அது மிக அதிகம். வழி தவறி நாட்கள் நீண்டன, நோய் பரவியது. தண்ணீர் போதாது என்று சொல்லிச் சில நாட்களில் 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். நடுவில் மழையே பெய்தது; தள்ளுவது நிற்கவில்லை.

காரணம் பத்திரத்தில் இருக்கிறது. அடிமை நோயில் செத்தால் அது ‘இயற்கை மரணம்’, நஷ்டம் முதலாளியுடையது. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சரக்கைக் கடலில் எறிந்தால் காப்பீட்டுக்காரர் தரவேண்டும். தலைக்கு 30 பவுண்டு. லிவர்பூல் முதலாளிகள் கேட்டார்கள், காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள், 1783-இல் நடுவர் குழு முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணை மனு தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டிடம் வந்தது. குதிரைகளைத் தூக்கி எறிந்தது போலத்தான் சட்டம் இதைப் பார்க்கிறது என்று அவரே சொன்னார். ஆனாலும் மழை விவரத்தைப் பார்த்து மறுவிசாரணைக்கு அனுமதி கொடுத்தார். அந்த மறுவிசாரணை நடந்ததற்குப் பதிவு இல்லை. கொலைக்காக ஒருவர் மேலும் வழக்கு வரவில்லை.

வகுப்பில் கடல் காப்பீடு நடத்தும்போது, சரக்கைத் தூக்கி எறியும் விதியை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிப் போக முடியவில்லை.

ஒரு தடவை கொண்டுபோனால் போதாதா? ஏன் முந்நூறு வருஷம் மறுபடி மறுபடி?

ஏனென்றால் தோட்டம் ஆளைத் தின்றது. வெட்டிய கரும்பை ஒன்றிரண்டு நாளுக்குள் ஆட்டாவிட்டால் சாறு கெட்டுவிடும். அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைச் செருகுகிறவரின் விரல் உருளையில் மாட்டினால் கையோடு இழுத்துக்கொள்ளும். கையை வெட்டி ஆளை மீட்க உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். ஜமைக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள், சிலர் அங்கிருந்து வேறு இடங்களுக்கு விற்கப்பட்டார்கள். 1834-இல் அங்கே எஞ்சியிருந்த அடிமைகள் 3 லட்சத்துச் சொச்சம். முதல் பதிலில் சொன்ன 3 லட்சத்து 88 ஆயிரம் அமெரிக்காவில் 1860-க்குள் 40 லட்சமாகப் பெருகியிருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிமைமுறை எங்கேதான் இல்லை? அரபு நாட்டில் இருந்தது, நம் ஊரிலேயே இருந்தது. இதில் என்ன புதிது?

இருந்தது. சகாரா வழியாகவும் இந்தியப் பெருங்கடல் வழியாகவும் ஆப்பிரிக்கர்களை விற்றது இதைவிடப் பல நூற்றாண்டு பழையது. நம் பக்கம் சோழர் காலக் கல்வெட்டுகளில் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் வருகிறார்கள். சுந்தரர் கதையில் கிழவர் ஆளோலையை (அடிமைப் பத்திரத்தை) நீட்டி ‘நீ எனக்கு வழிவழி அடிமை’ என்று வழக்காடும்போது கேட்கிறவர்களுக்கு அது விசித்திரமாகப் படவில்லை என்றால், அப்படி ஓலைகள் புழங்கின என்றுதானே அர்த்தம்? 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பக்கம் பஞ்சம் வந்தபோது டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியது. பஞ்சத்தில் விலை மலிவு, அவ்வளவே.

அட்லாண்டிக்கில் புதிது மூன்று. ஒன்று அளவு. இரண்டு, நிறத்தையே அடையாளமாக வைத்துச் சட்டம் எழுதியது. பார்படாஸ் 1661-இல் தனி அடிமைச் சட்டம் போட்டது; வர்ஜீனியா 1662-இல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று எழுதியது. தகப்பன் தோட்ட முதலாளியாகவே இருந்தாலும் பிள்ளை அவனுடைய சொத்து. மூன்றாவது, முன்னே சொன்ன கடனும் காப்பீடும். அடிமையை வாங்க முடியாதவர்கூட அடிமைக் கப்பலில் பங்கு வாங்கலாம், அதன் சீட்டைக் கழிவுக்கு எடுக்கலாம்.

இந்தப் பணத்தில்தான் இங்கிலாந்தில் தொழிற்புரட்சி வந்ததா?

டிரினிடாட் நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ், அந்தப் பதவிக்கு வெகுகாலம் முன்பே, 1944-இல், ஆம் என்று வாதிட்டார். இன்றுவரை சண்டை ஓயவில்லை. கப்பல் ஓட்டிய லாபத்தை மட்டும் எடுத்தால் பெரிதாகத் தேறாது. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு, பத்து என்று பலர் கணக்கிடுகிறார்கள். கப்பல் கவிழ்ந்தால் முதலும் போச்சு. ஆனால் கப்பலை மட்டும் பார்ப்பது, கல்யாணச் செலவில் பத்திரிகை அடித்ததை மட்டும் பார்ப்பது மாதிரி.

சர்க்கரை, புகையிலை, பஞ்சு, அவற்றை ஏற்றிய கப்பல், அதற்கான காப்பீடு, தோட்டத்தின் மேல் கொடுத்த அடமானக் கடன் என்று சேர்த்துக்கொண்டே போனால் தொகை வேறு. 1770களில் ஒரு கடன்காரர் நொடித்ததால் கிரெனடா தீவில் இரண்டு தோட்டங்களும் அவற்றிலிருந்த 599 அடிமைகளும் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கைக்கு வந்தன. வேல்ஸில் பென்ரின் ஓடுக்கல் சுரங்கத்தை வளர்த்த பணம் ஜமைக்காச் சர்க்கரைப் பணம். 1850களின் இறுதியில் பிரிட்டன் வாங்கிய பஞ்சில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்க அடிமைகள் பறித்தது. ‘இதனால்தான்’ தொழிற்புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். இது இல்லாமல் அதே நேரத்தில், அதே ஊரில் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்பேன்.

பிரிட்டன்தானே இதை ஒழித்தது? அதற்காவது நன்றி சொல்ல வேண்டாமா?

1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது, 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது, கடற்படையை விட்டுச் சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து ஒன்றரை லட்சம் பேரை விடுவித்தது எல்லாம் உண்மை. லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 1791-இல் பல குடும்பங்கள் சர்க்கரையை நிறுத்தின. ‘கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல’ என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள்கூட விற்றன. அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் 1833 சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள் என்பதைக் கிண்ணத்தில் எழுத இடமில்லை போலும். இந்தியாவுக்குச் சட்டம் வந்தது 1843-இல், இலங்கைக்கு அடுத்த வருஷம்.

நன்றிப் பட்டியல் போட்டால் செயின்ட் டொமிங்கு அடிமைகளை முதலில் வையுங்கள். 1791-இல் எழுந்து, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலப் படைகளையும் கடைசியில் நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து 1804-இல் ஹைட்டி என்று தனி நாடானார்கள். ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் சாம் ஷார்ப் தலைமையில் எழுந்த பெரும் கலகத்துக்குப் பிறகுதான் லண்டனில் சட்டம் அவசரம் பிடித்தது. தடைக்குப் பிறகும் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் 25 லட்சம் பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள். 1811-இல் கட்டிய ரியோ நகரத்து வலோங்கோ துறை வழியாக மட்டும் சுமார் 9 லட்சம் பேர் இறங்கியிருக்கிறார்கள். பிரேசில் அடிமைமுறையை விட்டது 1888-இல்.

விடுதலை கொடுத்தபோது அடிமைகளுக்கு இழப்பீடு ஏதாவது?

இழப்பீடு கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு. 2 கோடி பவுண்டு, அந்தக் கால பிரிட்டிஷ் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது. அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் தீர்ந்தது. விடுதலையானவர்கள் தங்கள் பங்குக்கு 1838 வரை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைத்தார்கள்.

இழப்பீடு வாங்கியவர்களில் ஆங்கிலத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கமும் உண்டு. நாசரேத், திருநெல்வேலி, தஞ்சைப் பக்கம் பள்ளிக்கூடம் வைத்த அதே எஸ்.பி.ஜி.தான். பார்படாஸில் அதற்கு காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் இருந்தது. ஒரு காலத்தில் அங்கிருந்த அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்று சூடு போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்கு வருத்தம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நானும்.

ஹைட்டிக்கு நடந்தது இன்னும் மோசம். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கொடுத்தால்தான் அங்கீகாரம் என்றது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட பிரெஞ்சு வங்கியிலேயே கடன்.

இதற்கும் நம் ஆட்கள் கூலிக்குக் கப்பலேறியதற்கும் தொடர்பு உண்டா?

நேரான தொடர்பு. இழப்பீட்டில் மிகப்பெரிய தொகை பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார்: 2,500 அடிமைகளுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அவரேதான் கல்கத்தாவிலிருந்த ஒரு வணிகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, 1838-இல் இரண்டு கப்பல்களில் இந்தியக் கூலிகளை பிரிட்டிஷ் கயானாவுக்கு வரவழைத்தவர். தமிழர்கள் மொரீஷியஸுக்குப் போனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக 1853-இல் மார்த்தினிக்குக்கும், அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும், 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனார்கள். எல்லாம் பெரும்பாலும் அதே கரும்புக் காடு.

அதற்காக இரண்டும் ஒன்றே என்று சொல்லாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முடிவு உண்டு, கூலி உண்டு, பிள்ளை பிறந்தால் அது முதலாளியின் சொத்து ஆகாது. சவுக்கும் ஏமாற்றும் இருந்தன, ஆளோலை இல்லை.

ஆப்பிரிக்கா இன்று ஏழையாக இருப்பதற்கு இதுதான் காரணமா?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. குடியேற்ற ஆட்சியும் அதற்குப் பிந்தைய அரசியலும் இருக்கின்றன. ஆனால் 2008-இல் நேதன் நன் என்ற பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பகுதியிலிருந்து அதிகம் பேர் கொண்டுபோகப்பட்டார்களோ அந்த நாடுகளே இன்று அதிக ஏழ்மையில் இருப்பதாகத் தெரிந்தது. அவரும் இன்னொருவரும் 2011-இல் செய்த ஆய்வில், அதிகம் சூறையாடப்பட்ட இனக்குழுக்களின் வாரிசுகளுக்கு இன்றும் அக்கம்பக்கத்தார்மேலும் சொந்தக்காரர்மேலும்கூட நம்பிக்கை குறைவு என்று கண்டார்கள். பிணையாக நின்றவன் விலைபோன கதையை மேலே படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இத்தனை லட்சத்தில் ஒருவருடைய பெயராவது மிஞ்சியிருக்கிறதா?

கப்பல் ஏட்டில் பெரும்பாலும் ஆண் இத்தனை, பெண் இத்தனை, சிறுவர் இத்தனை என்றுதான் இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை பிடித்த கப்பல்களில் இருந்தவர்களை சியரா லியோனில் இறக்கியபோது, பெயர், வயது, உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். கியூபாவின் ஹவானாவிலும் அப்படியே. அந்த ஏடுகளில் 91,000 பேருக்கு மேல் ஆப்பிரிக்கப் பெயரோடு இருக்கிறார்கள்.

அப்புறம் தன் கதையைத் தானே எழுதிய ஒலாடா எக்குவியானோ. சோங் கப்பல் செய்தியை ஒழிப்பு இயக்கத்தாரிடம் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். மான்செராட் தீவில் ஒரு வியாபாரியின் அடிமையாகக் கப்பலில் வேலை செய்தபோது அவர் கையில் இருந்த மூலதனம் மூன்று பென்ஸ். சின்ட் யூஸ்டேஷியஸ் தீவில் அதற்கு ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கி, மான்செராட்டில் ஆறு பென்ஸுக்கு விற்றார். அடுத்த நடையில் இரண்டு தம்ளர். அப்புறம் ஒரு ஜாடி ஜின். ஒருமுறை அவரும் இன்னொருவரும் கொண்டுபோன எலுமிச்சை, ஆரஞ்சு மூட்டைகளை வெள்ளைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அதிகாரியிடம் முறையிட்டதற்குக் கிடைத்தது சவுக்கடி மிரட்டல். அப்படியும் சேர்த்துச் சேர்த்து, 1766-இல் எஜமானர் தன்னை வாங்கிய அதே 40 பவுண்டைத் திருப்பிக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டார்.

விடுதலைப் பத்திரம் எழுதப் பதிவாளரிடம் போனார். பதிவாளர் சந்தோஷப்பட்டு, உனக்காகப் பாதிக் கட்டணம் போதும் என்றாராம். அந்தப் பாதிக் கட்டணம் ஒரு கினி. லண்டன் நாணயச்சாலை 1663-இல் முதலில் அடித்த தங்கக் காசு அது. தங்கம் எந்தக் கரையிலிருந்து வந்ததோ, அந்தக் கரையின் பெயர்தான் காசுக்கும்.